கத்துகிற கணினிக்குக் காது கொடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் என் திருத்துமேசைக்கு வருகிற கணினிகளில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: சூடு. இம்முறை வந்த கடிதங்களும் அதைப் பற்றியவைதான். ஆனால் கூடுதலானோர் கேட்டிருப்பது சூட்டை அறிவிக்க வருகிற சத்தத்தைப் பற்றி. முக்கியமான விசயம். ஆகவே இந்த இதழில் என் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

*

உப்புவெளியில் சின்னதாக ஒரு கொமியூனிகேசன் நடத்துகிறேன். போட்டோக்கொப்பி, ரைப்பிங், பரீட்சை விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் ஒரே கணினியில்தான். ஒருநாள் மத்தியானம் பெட்டிக்குள்ளிருந்து அம்புலன்ஸ் மாதிரி "டீ-டூ, டீ-டூ" என்று விடாமல் சத்தம் வந்தது. பார்க்க வந்தவர் உள்ளே இருந்த சின்னக் கறுப்புச் சாமான் ஒன்றைக் கழற்றித் தந்துவிட்டு, "இனிச் சத்தம் வராது அக்கா" என்றார். சத்தம் வரவில்லைதான். ஆனால் இப்போது கணினி தன்பாட்டில் நின்றுவிடுகிறது. அந்தச் சாமான் முக்கியமானதா?

– வாசகி, உப்புவெளி

மிகவும் முக்கியம், தங்கச்சி. மேசை லாச்சிக்குள் எங்காவது போட்டிருப்பீர்கள், முதலில் அதைத் தேடி எடுங்கள். கறுப்பு உருளை, நடுவில் ஒரு துவாரம், இரண்டு வயர், நுனியில் நான்கு ஊசி அகலத்துக்கு ஒரு தலை. அதுதான் பஸ்ஸர். கணினியின் பிரதான பலகையான மதர்போர்ட்டின் ஓரத்தில் ஸ்பீக்கர் என்று ஆங்கிலத்தில் பொறித்த நான்கு ஊசிகள் இருக்கும், அங்கேதான் அது செருகப்பட்டிருந்தது. 1981 இல் வந்த முதல் ஐபிஎம் பீசியில் இந்த வேலைக்கென்றே ஒரு சிறு ஸ்பீக்கர் இருந்தது. இன்று அதன் இடத்தில்தான் இந்தப் பஸ்ஸர்.

இதன் பெருமை என்னவென்றால், விண்டோஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும், மேசையில் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது கத்தும். போர்ட்டில் உள்ள கண்காணிப்புச் சிப் ஒன்று, கணினியின் மூளையான சீபீயூவின் சூட்டையும் ஃபேன் சுற்றுகிற வேகத்தையும் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எல்லை தாண்டினால், போர்ட்டிலேயே பதிந்திருக்கிற பயோஸ் என்ற அடிப்படைப் புரோகிராம் இந்தப் பஸ்ஸரை ஒலிக்க வைக்கும். கணினியைப் போட்டவுடன் ஒரேயொரு சின்ன "பீப்" வந்தால் எல்லாம் சுகம் என்று அர்த்தம். போட்டவுடனேயே பல பீப்கள் விட்டுவிட்டு வந்தால் றாம் (நினைவகம்), வீஜீஏ (திரைக்குப் படம் அனுப்புகிற காட்) போன்ற பாகங்களில் பிழை. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போது இடையில் தொடங்கி, உயர்ந்தும் தாழ்ந்தும் இரண்டு சுரத்தில் அடித்தால், பல போர்ட்களில், முக்கியமாக அவார்ட் பயோஸ் உள்ள பழையவற்றில், ஒன்றில் சீபீயூ கொதிக்கிறது, அல்லது அதன் ஃபேன் நின்றுவிட்டது. நீங்கள் கேட்டது இந்த மூன்றாவது வகை. உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் இந்தக் குறிகள் வேறுபடும். உங்கள் போர்ட்டின் கைநூல் சொல்வதுதான் முடிவு.

பஸ்ஸரைக் கழற்றிய பிறகு உள்ளே நடப்பது இதுதான். சூடு ஏறுகிறது. இன்டெல் சிப்களில் பெரும்பாலானவை 100 பாகை செல்சியசை அண்டியதும் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். நீங்கள் அடிக்கிற எழுத்துத் திரையில் பிந்தி விழுவது அப்போதுதான். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால், எரிந்துபோகாமல் இருக்க மின்சாரத்தையே வெட்டிவிடும். தன்பாட்டில் நிற்பது என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தக் கடைசிப் பாதுகாப்பு. முன்னர் சைரன் கேட்டதும் பிள்ளையின் விண்ணப்பத்தைச் சேமித்துவிட்டுக் கணினியை நிறுத்த உங்களுக்கு நேரம் இருந்தது. இப்போது அந்த நேரம் இல்லை, பாதி நிரப்பிய விண்ணப்பமும் போய்விடும். சத்தத்தை நிறுத்துவதைத் திருத்துவேலை என்று சொல்லிக் காசு வாங்குவது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. இதை மறைக்காமல் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது: மின்சாரத்தை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பெட்டியின் பக்கத் தகட்டைத் திறவுங்கள். சீபீயூவின் மேல் இருக்கிற ஃபேனை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஃபேன் மாற்ற வேண்டும். அதற்குக் கீழே அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கும், அவற்றின் இடைவெளிக்குள்தான் கதை இருக்கிறது. கடலோரத்தில் தூசு வறண்ட தூசாக இருப்பதில்லை. உப்பும் ஈரமும் சேர்ந்து களிபோல் இறுகி, தகடுகளுக்கு நடுவே காற்றுப் போகவே விடாது. வெளியில் ஃபேன் வடிவாகச் சுற்றுவது தெரியும், ஆனால் காற்று உள்ளே இறங்காது. திருக்கடலூர், உப்புவெளிப் பக்கத்துப் பெட்டிகளில் இதை அடிக்கடி காண்கிறேன். புளோவரால் ஊதும்போது ஃபேன் இதழைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். சீபீயூவுக்கும் தகட்டுக்கும் நடுவே பூசியிருக்கிற பழைய தேர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தால் ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பெரிய மிளகளவு வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

பிறகு பஸ்ஸரைத் திரும்பச் செருகி, கணினியைப் போடும்போது டிலீற் விசையை அழுத்தி பயோஸுக்குள் போங்கள். ஹாட்வெயார் மொனிட்டர் அல்லது பீசி ஹெல்த் என்ற பக்கத்தில் சீபீயூவின் சூடு எண்ணாகத் தெரியும். சீபீயூ எச்சரிக்கைச் சூடு என்ற தெரிவு இருந்தால் 60, 70, 80, 90 என்று எண்கள் வரும். சில போர்ட்களில் அது கடையிலிருந்து வரும்போதே அணைத்துத்தான் இருக்கும். அதை 80 இல் வையுங்கள். 60 இல் வைத்தால் நம் ஊர் வெக்கைக்கு நாள் முழுக்கக் கத்தும், நீங்களே வெறுத்துக் கழற்றிவிடுவீர்கள். ஃபேன் பழுது எச்சரிக்கை என்ற தெரிவையும் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. தகடும் ஃபேனும் சீபீயூவின் சூட்டை அறையின் காற்றுக்குத்தான் கொடுக்கின்றன. குளிரூட்டிய அறை 25 பாகை என்றால், தகரக் கூரைக்குக் கீழே உங்கள் கடை மத்தியானம் 35. அதே வேலைக்குச் சீபீயூவும் ஏறத்தாழ அந்தப் பத்துப் பாகை கூடுதலாகத்தான் நிற்கும். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் பெட்டியை ஒரு முழம் முன்னுக்கு இழுத்து வையுங்கள்.

*

அஸ்ஸலாமு அலைக்கும். இரவில் கரண்ட் போனால் எங்கள் வீட்டில் எங்கோ ஒரு "பீப்" சத்தம் விட்டுவிட்டு வருகிறது. நான் கணினி என்கிறேன், மனைவி வேறு பக்கம் கைகாட்டுகிறா, பிள்ளைகள் இன்னொரு பக்கம். கரண்ட் வந்த பிறகும் சில நாட்களில் கேட்கிறது. கணினிதான் சூடாகிக் கத்துகிறதா?

– வாசகர், கிண்ணியா

வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரரே. கரண்ட் போனால் என்று எழுதியிருக்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. அது கணினியல்ல, கரண்ட் போனால் பற்றரியிலிருந்து கணினிக்கு மின்சாரம் கொடுக்கிற யூபீஎஸ் பெட்டி. மின்சாரம் நின்றதும் பற்றரியில் ஓடுகிறேன் என்று விட்டுவிட்டு ஒலிக்கும். பற்றரி முடியும் தறுவாயில் அடுக்கடுக்காக ஒலிக்கும். கரண்ட் இருக்கும்போதும் ஒலிக்கிறதென்றால் பெரும்பாலும் பற்றரி கிழடாகிவிட்டது. இந்த ஈயப் பற்றரிகள் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். சூடு பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பற்றரிக்காரர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, ஆகவே நம் பக்கத்தில் மூன்றைத் தாண்டினாலே பெரிய விசயம். யூபீஎஸ்ஸைச் சுவரோரம் துணியால் மூடி வைக்க வேண்டாம்.

நீங்கள் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டுவதற்குக் காரணம் உண்டு, யார் மேலும் பிழையில்லை. ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை நாம் இரண்டு வழியில் அறிகிறோம். தாழ்ந்த ஒலி என்றால் அதன் அலை ஒரு காதுக்கு முந்தியும் மற்றக் காதுக்குப் பிந்தியும் வந்து சேருகிற வித்தியாசத்தால். உயர்ந்த ஒலி என்றால் தலை மறைப்பதால் ஒரு காதில் கூடவும் மற்றதில் குறையவும் கேட்பதால். ரேலி பிரபு 1907 இல் விளக்கியது இது. முதல் வழி ஏறத்தாழ 1500 ஹேர்ட்சோடு, அதாவது விநாடிக்கு 1500 அதிர்வோடு, முடிந்துவிடும், இரண்டாவது வழி அதற்கு நன்றாக மேலே போனால்தான் உறுதியாக உதவும். நடுவில் உள்ள 2000, 3000 ஹேர்ட்ஸ் ஒற்றைத் தொனிக்கு இரண்டும் அரைகுறை. பஸ்ஸர்கள் பல ஒலிப்பது சரியாக அந்த இடத்தில்தான். போதாததற்குச் சுவர்களில் பட்டுத் திரும்புகிற ஒலி, அறையில் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் கேட்கும்.

நின்ற இடத்தில் நின்று தேடாதீர்கள். ஒவ்வொரு பொருளின் மேலும் கையை வைத்து மூடிப் பாருங்கள். கை பட்டதும் சத்தம் அமுங்குகிறதென்றால் அதுதான். கூரையில் புகை அறிகருவி பூட்டியிருந்தால் அதையும் பாருங்கள், பற்றரி குறைந்தால் அதுவும் நிமிடத்துக்கு ஒருமுறை "சிக்" என்னும்.

*

நிலாவெளிப் பக்கம் வளாகத்தில் படிக்கிறேன். சீபீயூ 85 பாகையைத் தாண்டினால் ஒலி எழுப்பச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். இணையத்தில் எடுத்த சைரன் ஒலியைப் போட்டால் அறை நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். மெல்லிய மணியோசை போட்டால் எனக்கே கேட்பதில்லை. நல்ல எச்சரிக்கை ஒலிக்கு என்ன மீடிறன் (அதிர்வெண்) வேண்டும்?

– மாணவர், நிலாவெளி

தம்பி, இந்தக் கேள்வி வந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம். மீடிறன் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்க மனமில்லை.

காதுத் துவாரத்தின் நீளம் இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவு. அதனால் 3000 ஹேர்ட்சை அண்டிய ஒலிகளை அது தானாகவே பெருக்கிக் கொடுக்கும். நம் காது கூர்மையாக இருப்பது 2000 முதல் 5000 வரை. எச்சரிக்கை ஒலிகளை அங்கேயே வைப்பது இதனால்தான், அவை காதைக் குத்துவதும் இதனால்தான். உன் நண்பர்களின் கோபம் நியாயமானது. மணியோசை மறைந்துபோவதற்கு வேறு காரணம். அது ஏறத்தாழ ஒற்றை மீடிறனிலேயே ஒலித்து மெல்லத் தேய்ந்துபோகிறது. அதே மீடிறனில் ஃபேன் இரைச்சலோ கடல் இரைச்சலோ இருந்தால் அமுக்கிவிடும்.

ஆகவே தாழ்ந்த அடித்தொனியை எடுத்து அதைச் சதுர அலையாக்கு, அதாவது மெல்ல ஏறி இறங்காமல் ஆன், ஓஃப் என்று சட்டெனத் தாவுகிற அலையாக்கு. 520 ஹேர்ட்ஸ் சதுர அலை ஒன்றை எடுத்தால் அதற்குள் 1560, 2600, 3640 என்று ஒற்றை எண் மடங்குகள் எல்லாம் மேற்றொனிகளாக, கூடவே ஒலிக்கிற உயர்ந்த தொனிகளாக, இருக்கும். இரைச்சல் ஒன்றை அமுக்கினாலும் மற்றது காதுக்கு வந்து சேரும். பலம் பல மீடிறன்களுக்குப் பங்கிடப்படுவதால் ஊசிபோல் குத்தாது, எந்தப் பக்கம் என்றும் காது கண்டுபிடிக்கும்.

சதுர அலை கணினிக்குப் புதிதல்ல. முதல் ஐபிஎம் பீசியில் இன்டெல் 8253 என்ற நேரக்கணிப்புச் சிப் இருந்தது. விநாடிக்கு 11,93,182 துடிப்பு அதற்குள் போகும். நீ ஓர் எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணால் பிரித்து ஸ்பீக்கரை ஆன், ஓஃப் பண்ணும். 1193 கொடுத்தால் 1000 ஹேர்ட்ஸ். அந்தக் காலத்து விளையாட்டுகளின் பீப் எல்லாம் இந்த ஒரு வகுத்தல்தான்.

ஒடாசிற்றி என்ற ஒலி தொகுக்கிற மென்பொருள் இலவசம், அதில் செய். ஜெனரேற் மெனுவில் டோன் என்பதை எடுத்து, அலைவடிவத்தைச் சதுரமாக்கு. 520 ஹேர்ட்ஸ், 0.2 விநாடி. அதன் பின்னால் 780 ஹேர்ட்ஸ், 0.2 விநாடி. இரண்டுக்கும் 2:3 விகிதம், சட்சமும் பஞ்சமமும். அடுத்தடுத்து ஒலிக்கையில் காது வெறுக்காது. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் நூறில் ஒரு விநாடிக்கு ஏற்ற இறக்கம் கொடு, இல்லாவிட்டால் "டப்" என்று வெட்டுச் சத்தம் கேட்கும். இந்த இணையை மூன்று தரம் அடுக்கி, பிறகு பத்து விநாடி மௌனம் விடு. விடாமல் அடிக்கிற ஒலிக்கு மனிதர் பழகிவிடுவார்கள், அல்லது பதறி எதையாவது அமத்துவார்கள். இடைவெளிதான் யோசிக்க நேரம் தருகிறது. மூன்று நீண்ட பீப், ஒரு நிறுத்தம், மீண்டும் மூன்று என்ற கோலம் மட்டும் வேண்டாம். அது தீ எச்சரிக்கைக்கு உரியது. பாண் ஆட்டோவின் மெட்டைப் போல எந்த மெட்டும் வேண்டாம். காலையில் அது வீதியால் போகும்போது உன் கணினி கொதிக்கிறதென்று நினைப்பாய், கணினி கொதிக்கும்போது பாண் வந்ததென்று நினைப்பாய்.

இனி உன் புரோகிராமுக்கு வருகிறேன், ஏனெனில் நண்பர்களின் சண்டையில் பாதி அதனால்தான். 85 இல் தொடங்கி 85 இலேயே நிறுத்தும்படி எழுதியிருப்பாய். சூடு 84, 85, 86 என்று ஆடும்போது ஒலியும் கூடவே விட்டுவிட்டு அடிக்கும். 85 இல் தொடங்கு, 78 க்கு இறங்கினால் நிறுத்து. இன்றைய சீபீயூக்கள் ஒரு பெரிய கோப்பைத் திறந்தாலே ஒரு நொடி 90 ஐத் தொட்டு இறங்கும், அது நோயல்ல. பத்து விநாடி தொடர்ந்து எல்லைக்கு மேலே நின்றால் மட்டும் ஒலிக்க விடு. உன் சிப்பின் எல்லை என்ன என்பதையும் பார்த்துக்கொள். ஏஎம்டி ரைசன் 7000 வரிசை 95 வரை போகும்படியே செய்யப்பட்டது, அதற்கு 85 இல் கத்தினால் பொய் எச்சரிக்கை. லினக்ஸ் என்றால் கேர்னல் தருகிற எண் பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கில் இருக்கும், 85000 என்றால் 85. ஆயிரத்தால் வகுக்க மறக்காதே.

கடைசியாக, விண்டோஸ் 7 இலிருந்து பீப் கட்டளை மதர்போர்ட்டின் பஸ்ஸருக்குப் போவதில்லை, சவுண்ட் காட்டுக்குத்தான் போகிறது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நீ தேத்தண்ணி குடிக்கப் போனால் உன் அழகான ஒலி ஹெட்போனுக்குள்தான் ஒலிக்கும். ஆகவே 95 இல் ஒலியை நம்பாமல் தானாக நிறுத்துகிற கட்டளையும் எழுதிவிடு. பயோஸ் எச்சரிக்கையை அணைக்காதே. உன் புரோகிராம் உறைந்துபோனாலும் அது கத்தும்.

*

ஓய்வுபெற்ற ஆசிரியர். கணினியில் பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்கிறேன். சூடானால் ஒலிக்கும்படி மகன் ஏதோ செய்து தந்தார். அடுக்களையில் நிற்கிற மனைவிக்குக் கேட்கிறது, முன்னால் இருக்கிற எனக்குக் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினால் மனைவிக்குத் தலையிடி.

– வாசகர், உவர்மலை

ஐயா, வயது போகப் போக முதலில் குறைவது உயர்ந்த மீடிறன்கள்தான். அம்மாவுக்குக் கேட்டு உங்களுக்குக் கேட்காத அந்த ஒலி 3000, 4000 ஹேர்ட்சில் இருக்கும். சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை, தொனியைத் தாழ்த்த வேண்டும். அமெரிக்காவில் நித்திரை அறைகளில் உள்ள தீ எச்சரிக்கைக் கருவிகளுக்கு 520 ஹேர்ட்ஸ் சதுர அலையை விதியாக்கினார்கள். காது மந்தமானவர்களை எழுப்ப வழமையான உயர்ந்த பீப்பைவிட அது எவ்வளவோ மேல் என்று பரிசோதனைகளில் கண்டதால். மேலே தம்பிக்கு எழுதிய ஒலியை மகனிடம் காட்டுங்கள், அதையே உங்களுக்கும் செய்து அனுப்பலாம். காதுக்கருவி அணிகிறீர்கள் என்றால் ஒரே சீராக நீளும் தொனி வேண்டாம், அதைத் தன்னிலிருந்தே எழும் விசில் என்று எண்ணி அடக்கிவிடுகிற கருவிகள் உண்டு. விட்டுவிட்டு ஒலிப்பதே நல்லது.

இதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. "கணினி சூடாகிறது, சேமித்துவிட்டு எழும்புங்கோ" என்று அம்மாவின் குரலில் பதிவுசெய்து அந்த ஒலிக்குப் பதிலாகப் போடுங்கள். வாழ்நாள் முழுக்கக் கேட்ட குரலை மந்தமான காதும் இலகுவில் தவறவிடாது. என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் கையெழுத்துப் பிரதி வேலை கெட்டியாக நடக்கட்டும், ஐயா.

*

மடிகணினி சூடானால் ஏன் பீப் அடிப்பதில்லை?

– வாசகி, மூதூர்

பெரும்பாலான மடிகணினிகளில் தனிப் பஸ்ஸர் இல்லை. ஃபேன் வேகம் கூடும், பிறகு கணினி மந்தமாகும், பிறகு நிற்கும். மெத்தையிலும் தலையணையிலும் வைக்க வேண்டாம், காற்று உள்ளே போகிற வழி அடியில்தான் இருக்கிறது.

*

நான் எட்டாம் தரம் படிக்கிறேன். கன்னியா வெந்நீரூற்றுக் கிணறு சூடா, கணினி சூடா?

– மாணவி, சாம்பல்தீவு

நல்ல கேள்வி மகள். கன்னியாவில் ஏழு கிணறுகளும் ஒவ்வொரு சூடு, ஆனால் 40 பாகைக்கு முன்பின்னாகத்தான் இருக்கும். அதனால்தான் அள்ளிக் குளிக்க முடிகிறது. வேலையில்லாமல் சும்மா நிற்கிற கணினியின் சீபீயூ நம் ஊரில் ஏறத்தாழ அதே சூடு, அல்லது சற்றுக் கூட. விளையாட்டு ஓடும்போது 70, 80 என்று போகும். அந்தச் சூட்டில் தண்ணீர் இருந்தால் கை வைக்கவே முடியாது. அப்பாவையோ அண்ணாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பயோஸில் அந்த எண்ணைப் பார்த்து, திகதியும் நேரமும் போட்டுக் கொப்பியில் எழுதிவை. மார்கழி மழையில் அதே நேரத்துக்கு இன்னொரு தரம் பார். இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.